பிக், லார்ஜ், கிரேட்: மூன்று 'பெரிய'

1858ஆம் ஆண்டுக் கோடையில் லண்டன் நகரம் நாறிப்போனது. ஊர்ச் சாக்கடை முழுவதும் தேம்ஸ் ஆற்றில் கலந்துகொண்டிருந்த காலம் அது. அந்த வருஷத்து வெயிலில் ஆறு குமட்டத் தொடங்கியது. கரையோரத்து நாடாளுமன்றத்தின் ஜன்னல் திரைகளைச் சுண்ணக் குளோரைடு கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள், அடங்கவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டே உறுப்பினர்கள் அவசரமாக ஒரு சட்டம் நிறைவேற்றினார்கள். ஜோசப் பாசல்ஜெட் என்ற பொறியாளர் பாதாளச் சாக்கடை கட்ட வழி பிறந்தது. வரலாற்று நூல்களில் இந்தச் சம்பவத்துக்கு 'கிரேட் ஸ்டிங்க்' என்று பெயர்.

அதே 1858இல், அதே நாடாளுமன்றத்தின் மணிக்கூண்டுக்காக ஒயிட்சேப்பல் வார்ப்பகத்தில் ஒரு மணி வார்க்கப்பட்டது. எடை 13 டன்னுக்கு மேல். அரசாங்கத் தாள்களில் அதன் பெயர் 'கிரேட் பெல்'. அந்தப் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஊரார் வைத்த 'பிக் பென்' என்ற பெயர்தான் நின்றது. அந்தப் பென் யார் என்பதற்கு இரண்டு கதை சொல்வார்கள். கட்டடப் பணிகளின் பொறுப்பில் இருந்த பெஞ்சமின் ஹால் என்று ஒன்று. பென் கான்ட் என்ற குத்துச்சண்டை வீரர் என்று இன்னொன்று. எனக்கு இரண்டாவது கதைதான் பிடிக்கும். முதல் கதைக்கே ஆதரவு அதிகம்.

ஆக, நாற்றம் கிரேட்; மணி தாளில் கிரேட், வாயில் பிக். லார்ஜ் என்ற மூன்றாவது சொல் இந்தப் பக்கமே வரவில்லை. 'பிக் ஸ்டிங்க்' என்று மாற்றிச் சொன்னால் என்ன ஆகும்? ஆறு மறைந்து ரகளை வந்துவிடும். ஒரு விஷயத்தைப் பெரிதாக்கி ஊரைக் கூட்டுகிறவனைப் பற்றி ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

நம் ஆங்கிலம்–தமிழ் அகராதிகளைப் புரட்டினால் மூன்றுக்கும் 'பெரிய' என்ற பொருள் கிடைக்கும். தவறில்லை. ஆனால் அந்த ஒரு பொருளை நம்பிப் பேசப் போகிறவர் மூன்றாவது வாக்கியத்தில் தடுக்கி விழுவார். 'பிக் சிஸ்டர்' என்றால் அக்கா. 'லார்ஜ் சிஸ்டர்' என்றால் உடல் பருத்த சகோதரி. அக்காவிடம் சொல்லிப் பார்க்க வேண்டாம். 'கிரேட் சிஸ்டர்' என்றால் தங்கமான சகோதரி, அவள் தங்கையாகவும் இருக்கலாம். சொல்லின் பொருள் 'பெரிய' என்பதோடு முடிந்திருந்தால் இந்த வேறுபாடு வந்திருக்கவே கூடாது.

ஒத்த சொற்களுக்குள் உள்ள வேறுபாட்டைப் பிரித்துக் காட்டுவது ஐரோப்பாவில் பழைய தொழில். பிரான்சில் அபே ஜிரார் 1718இலேயே இதற்கென நூல் எழுதினார். இங்கிலாந்தில் ஹெஸ்டர் பியோசி 1794இலும், ஜார்ஜ் கிராப் 1816இலும் அந்த வழியில் புத்தகம் போட்டார்கள். சாமுவேல் ஜான்சனின் நெருங்கிய தோழி என்றே பியோசியை உலகம் நினைவு வைத்திருக்கிறது. சொல் ஆராய்ச்சியில் அவருக்கு இருந்த கூர்மையை அநேகமாக மறந்துவிட்டது. இவர்களுக்குப் பிறகு வந்த பீட்டர் மார்க் ரோஜெட் வேறு வழி எடுத்தார். தொழிலால் மருத்துவர், ராயல் சொசைட்டியின் செயலாளராக இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர். 1805இல் தன் சொந்த உபயோகத்துக்கென்று தொகுக்கத் தொடங்கிய சொல் பட்டியலை 1852இல், எழுபது வயது தாண்டிய பிறகு, ஆயிரம் தலைப்புகளில் அச்சிட்டார். ஆனால் சொல்லுக்கும் சொல்லுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவது தன் வேலை இல்லை என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். மொழி அறிந்தவர் மறந்த சொல்லை நினைவுபடுத்திக்கொள்ளத்தான் அந்த நூல். மொழி தெரியாதவர் அதில் சொல் பொறுக்கினால் என்ன ஆகும் என்பதைப் பள்ளிக் கட்டுரை திருத்துகிற எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார்.

ரோஜெட் தன் முன்னுரையின் அடிக்குறிப்பில் அமரகோசம் என்ற சமஸ்கிருத நிகண்டைக் குறிப்பிடுகிறார். கோல்புரூக் மொழிபெயர்ப்பில் செராம்பூரில் 1808இல் அச்சான பதிப்பு. நம் திவாகரமும் பிங்கலமும் அதே குடும்பம்தான். பொருள்வாரியாகத் தொகுதி பிரித்து, ஒரு பொருளுக்கு உரிய பெயர்களையெல்லாம் அடுக்கித் தருபவை. யானைக்கு என்று வரும் பெயர்களில் களிறு ஆண் என்பதும் பிடி பெண் என்பதும் படிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். செய்யுள் எழுதுகிறவருக்கு அது தெரியும் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டவை நிகண்டுகள்.

சரி, ஆங்கிலத்துக்கு எதற்கு மூன்று 'பெரிய'? தேவைப்பட்டதால் இல்லை. வந்தவர்கள் விட்டுப்போனதால்.

பழைய ஆங்கிலத்தில் 'பெரிய' என்பதற்குச் சாதாரணச் சொல் 'மிச்செல்'. அது இந்த மூன்றில் எதுவும் அல்ல. பிற்காலத்தில் தேய்ந்து 'மச்' ஆகி, அளவைக் குறிக்கும் வேலையோடு ஒதுங்கிவிட்டது. ஊர்ப்பெயர்களில் மட்டும் பழைய பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஷ்ராப்ஷயரில் 'மச் வென்லாக்' என்று ஒரு சிற்றூர். பெரிய வென்லாக் என்று பொருள். (அங்கே 1850இல் ஒரு மருத்துவர் தொடங்கிய விளையாட்டு விழா, பின்னால் நவீன ஒலிம்பிக்குக்குத் தூண்டுதல்களில் ஒன்றானது. 2012 லண்டன் ஒலிம்பிக்கின் சின்னப் பொம்மைக்கு வென்லாக் என்று பெயர் வந்தது அதனால்தான்.) ஸ்காட்லாந்தில் 'மக்கிள்' என்று அதே சொல் இன்னும் மூச்சு விடுகிறது.

'கிரேட்' அந்த மண்ணின் சொல்லே. ஆனால் தொடக்கத்தில் அதற்குப் புகழும் இல்லை, பெருமையும் இல்லை. தடித்த, பருத்த, முரடான என்பதுதான் பொருள். ஜெர்மனின் 'குரோஸ்' இதற்கு உடன்பிறப்பு. 1279இல் முதலாம் எட்வர்ட் அரசர் வெளியிட்ட நான்கு பென்னி வெள்ளிக்காசு 'குரோட்'. அந்தப் பெயரும் இந்தக் குடும்பத்தின் டச்சுக் கிளையிலிருந்து வந்தது. தடித்த காசு, அவ்வளவுதான். பருமனைச் சொன்ன சொல் மெல்ல மெல்ல முக்கியத்துவத்தைச் சொல்லத் தொடங்கி, பிறகு உயர்வைச் சொல்லி, 19ஆம் நூற்றாண்டில் பேச்சு வழக்கில் 'பிரமாதம்' என்ற பொருளுக்கே வந்துசேர்ந்தது. ஒரு சொல் இவ்வளவு தூரம் ஏறிவருவது அபூர்வம்.

மூன்றில் 'லார்ஜ்' தான் அலைந்து திரிந்த சொல். லத்தீனில் 'லார்குஸ்' என்றால் தாராளமான, வாரி வழங்குகிற. பிரெஞ்சு பேசிய நார்மானியர் வழியாக இங்கிலாந்துக்குள் நுழைந்தபோதும் அதே பொருள்தான். 'லார்ஜெஸ்' என்ற சொல்லில் அந்தக் கொடைக்குணம் இன்றும் இருக்கிறது. அதே லத்தீன் சொல் பிரெஞ்சில் 'அகலமான' என்றாகிவிட்டது. ஸ்பானிய மொழியில் 'நீளமான'. இத்தாலியில் 'அகன்ற' என்று பொருள்பட்டு, இசைத் தாளில் மெதுவாக வாசி என்ற குறிப்பாக 'லார்கோ' என்று நிற்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் 'பெரிய'. தாராளத்தில் ஒரு விரிவு உண்டு; ஒவ்வொரு ஊரும் அந்த விரிவை ஒவ்வொரு பக்கமாக இழுத்திருக்கிறது. ஆங்கிலத்திலும் பழைய தடயங்கள் உண்டு. தப்பியோடிய கைதி 'அட் லார்ஜ்' இருக்கிறான் என்றால் கட்டில்லாமல் வெளியில் திரிகிறான் என்று அர்த்தம். 'பை அண்ட் லார்ஜ்', அதாவது பொதுவாகப் பார்த்தால், என்ற தொடர் பாய்மரக் கப்பல்காரர்களுடையது. காற்று முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் ஓடுகிற கப்பலைப் பற்றிய பேச்சு அது.

'பிக்' எங்கிருந்து வந்தது என்பது சொல்லாராய்ச்சியாளர்களுக்கு இன்றும் புதிர். 1300வாக்கில் இங்கிலாந்தின் வடபகுதி எழுத்துகளில் தலைகாட்டுகிறது. ஸ்காண்டிநேவியத் தொடர்பு இருக்கலாம் என்கிறார்கள். முதலில் அதற்குப் பொருள் வலிமையான, திடகாத்திரமான என்பது. அளவு பின்னால் வந்தது. மூன்றில் கடைசியாகப் பொதுப் பேச்சுக்குள் வந்த இந்த நாட்டுப்புறத்துப் பையன்தான் இன்று வீட்டையே தன்வசம் வைத்திருக்கிறான்.

இந்தப் பிறப்பு வரலாறு பழங்கதை இல்லை. இன்றைய வேறுபாடுகளின் வேர் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். பேசுகிறவர் உணர்ந்த பெருமை பிக். அளந்து பார்த்த பெருமை லார்ஜ். எடைபோட்டு மதித்த பெருமை கிரேட். ஒரு நாயைக் கண்டு பயந்த குழந்தை 'பிக் டாக்' என்றுதான் கத்தும். கால்நடை மருத்துவர் அதே நாயை 'லார்ஜ்' இனங்களில் சேர்த்து மருந்தளவு பார்ப்பார். 'கிரேட் டாக்' என்பவர் அதன் சொந்தக்காரர்.

ஒரு மனிதருக்கு இந்தச் சொற்களைப் போட்டுப் பார்த்தால் இன்னும் துலக்கமாகும். 'கிரேட் மேன்' மாமனிதர், குள்ளமாகவும் இருக்கலாம். 'லார்ஜ் மேன்' சட்டைத் துணி அதிகம் பிடிக்கிறவர். 'பிக் மேன்' ஆஜானுபாகுவானவர், அல்லது ஊரில் செல்வாக்கு உள்ளவர், இல்லை இரண்டுமே. தமிழில் 'பெரிய மனிதர்' என்று சொல்லிவிட்டு, குரலை வைத்து மற்றதைப் புரியவைத்துவிடுகிறோம்.

உடம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். கால் கட்டைவிரல் வீட்டுப் பேச்சில் 'பிக் டோ'. மருத்துவர் எழுதும்போது அது 'கிரேட் டோ'. பெருங்குடலோ எப்போதும் 'லார்ஜ்' மட்டுமே. அதைப் 'பிக்' என்று எந்த மருத்துவரும் நோயாளியும் சொல்வதில்லை. விரலுக்கு இரண்டு பெயர் ஏன்? அது கண்ணுக்குத் தெரிகிறது, இடித்துக்கொள்கிறோம், குழந்தைக்குக் காட்டிச் சிரிக்கிறோம். அதனால் பேச்சுச் சொல் ஒட்டிக்கொண்டது. குடலை யாரும் கொஞ்சுவதில்லை. அது பாடப்புத்தகத்திலிருந்து வந்த உறுப்பு, எனவே பாடப்புத்தகச் சொல்.

அறிவியலிலும் இதே கதை. பிரபஞ்சத் தோற்றக் கொள்கைக்கு 'பிக் பேங்' என்று பெயர் வைத்தவர் அந்தக் கொள்கையை ஏற்காத பிரெட் ஹாயில், 1949இல், பிபிசி வானொலிப் பேச்சில். வானொலி நேயர்களுக்குப் பேசும்போது வந்த சொல் என்பதால் அது பிக். ஜெனீவா அருகே 27 கிலோமீட்டர் வட்டத்தில் பூமிக்கடியில் கட்டிய துகள் மோதுவானுக்குப் பொறியாளர்கள் பெயர் வைத்தார்கள். அது 'லார்ஜ்' ஹேட்ரான் கொலைடர். வியாழன் கோளின் செம்புயல் 'கிரேட்' ரெட் ஸ்பாட். கணினித் துறையிலும் இப்படித்தான். விளம்பர மேடையில் வளர்ந்தது 'பிக் டேட்டா'. ஆய்வுக் கட்டுரையில் பிறந்தது 'லார்ஜ் லாங்வேஜ் மாடல்'. பெயரைப் பார்த்தே பிறந்த இடத்தை ஓரளவு ஊகித்துவிடலாம்.

எல்லாம் விதிப்படி நடக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. பெரிய வெள்ளைக் கொக்கைப் பழைய இந்தியப் பறவை நூல்கள் 'லார்ஜ் ஈக்ரெட்' என்றன. இன்றைய நூல்களில் அது 'கிரேட் ஈக்ரெட்'. கொக்கு வளரவும் இல்லை, தேறவும் இல்லை. பெயர் வைக்கும் குழு முடிவெடுத்தது, அவ்வளவுதான். இங்கே வேறுபாடு பொருளில் இல்லை, வழக்கில் இருக்கிறது.

வழக்கு என்றதும் கணினிக்கு வர வேண்டியிருக்கிறது. ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளை வைத்தே அறியலாம் என்பது ஆங்கில மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1957இல் வலியுறுத்திய கருத்து. அவர் காலத்தில் அதைச் சோதிக்கக் கருவி இல்லை. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் குழுவினர் கோடிக்கணக்கான சொற்களைக் கணினியில் ஏற்றி, 1987இல் கோபில்ட் அகராதியை வெளியிட்டபோது அகராதித் தொழிலே திசை மாறியது. டக்ளஸ் பைபரும் இரு சகாக்களும் 1998இல் வெளியிட்ட நூலில் சோதனைக்கு எடுத்துக்கொண்டது இந்த மூன்று சொற்களைத்தான். கதை எழுத்தில் பிக் தாராளமாகப் புழங்குகிறது. ஆய்வு எழுத்தில் அது அரிது, லார்ஜ் முன்னால் நிற்கிறது. லார்ஜின் கூட்டாளிகள் எண்ணிக்கை, விகிதம், பரப்பு, அளவு. கிரேட் முக்கியத்துவம், அக்கறை, துயரம், மகிழ்ச்சி போன்ற தொட்டுப் பார்க்க முடியாதவற்றோடு சேர்கிறது. பிக் பெட்டி, மரம், வீடு, தப்பு, முடிவு என்று கையில் பிடிபடுவதோடும் மனசை உலுக்குவதோடும் போகிறது.

'டீல்' என்ற ஒரு சொல்லை மட்டும் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். 'கிரேட் டீல்' என்றால் நிறைய. 'பிக் டீல்' என்றால் முக்கியமான சங்கதி. அதையே உதட்டைச் சுழித்துச் சொன்னால், "ஆமா, பெருசா கிழிச்சிட்டான்" என்று நாம் சொல்கிற அதே தொனி. 'லார்ஜ் டீல்' என்பது வியாபாரச் செய்தியில் மட்டும் வரும், பணத்தின் அளவைச் சொல்ல. பெயர்ச்சொல் ஒன்று, அடைமொழி மூன்று, வந்துசேரும் இடமும் மூன்று.

கிரேட்டின் ஏற்றம் நம்மை அதிகம் குழப்பியிருக்கிறது. அதற்கு உயர்வுப் பொருள் மட்டுமே உண்டு என்று நினைத்தால் லண்டனின் 1665 கொள்ளை நோயும், 1666 தீ விபத்தும், 1929இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியும் ஏன் கிரேட் என்று புரியாது. சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்களைக் கொன்ற தாது வருஷப் பஞ்சமும், 1876 முதல் 1878 வரை, ஆங்கில நூல்களில் 'கிரேட் ஃபேமின்' தான். அந்த இடங்களில் சொல் பழைய பருமனையும் கனத்தையும் சுமக்கிறது; புகழ்ச்சி ஏதுமில்லை. 'கிரேட் பிரிட்டன்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வெள்ளைக்காரர் தம்மைத் தாமே மெச்சிக்கொண்ட பெயர் அது என்று மேடையில் பேசுகிறவர்கள் இன்றும் உண்டு. பிரான்சின் பிரிட்டனி பகுதி சிறிய பிரிட்டன். அதிலிருந்து பிரித்துச் சொல்ல, தீவு பெரிய பிரிட்டன். 12ஆம் நூற்றாண்டு லத்தீன் எழுத்திலேயே இந்தப் பிரிவினை இருக்கிறது. 1604இல் முதலாம் ஜேம்ஸ் அரசர் பட்டப்பெயராக எடுத்துக்கொண்ட பிறகு அதில் கொஞ்சம் பெருமிதம் ஏறியிருக்கலாம். 'பெரிய பிரித்தானியா' என்று இலங்கைத் தமிழர் எழுதுவதே மூலத்துக்கு நெருக்கம். இதற்கு நேர்மாறாக அலெக்சாண்டருக்கு வரும் கிரேட் மதிப்பீடுதான்; அவரை 'மாவீரன்' ஆக்கிய நம் பாடநூல்காரர்கள் சரியாகவே கேட்டிருக்கிறார்கள். 'அக்பர் த கிரேட்' என்பது தனி வேடிக்கை. அக்பர் என்ற அரபுச் சொல்லுக்கே மிகப் பெரிய என்றுதான் பொருள்.

இவ்வளவு நுணுக்கத்தை வேற்று மொழிக்காரர் எப்படிக் கற்பது என்று மலைக்க வேண்டாம். நம் மொழியில் இதைத் தினமும் செய்துகொண்டுதான் இருக்கிறோம். 'பெருந்தவறு' என்போம், 'பெரிய தப்பு' என்போம். 'பெருந்தப்பு' என்று யாராவது சொன்னால் திரும்பிப் பார்ப்போம். மழை கனமழை, காற்று பலத்த காற்று, வெயில் கடும் வெயில். கன வெயில் என்று வானிலை அறிக்கை வாசித்தால் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுச் சிரிப்போம். இதற்கெல்லாம் யாரும் நமக்கு விதி கற்றுத்தரவில்லை.

அதைவிட ஆச்சரியம், அந்த மூன்று ஆங்கிலச் சொற்களைத் தமிழ்நாடு கடன் வாங்கிய விதம். மதுக்கடையில் 60 மில்லி 'லார்ஜ்'. துணிக்கடையில் சட்டை அளவு 'லார்ஜ்'. இரண்டுமே அளந்து சொல்லும் இடங்கள். யாராவது நல்ல காரியம் செய்தால் "கிரேட் சார் நீங்க" என்கிறோம், மதிப்பிடும் இடம். அளவுக்கு அந்தச் சொல்லை நாம் தொடுவதே இல்லை. 'பிக்' 2017இல் தமிழ்த் தொலைக்காட்சிக்கு வந்த 'பிக் பாஸ்' மூலமாக வீட்டுச் சொல்லானது. அதன் மூலம் 1999இல் நெதர்லாந்தில் தொடங்கிய 'பிக் பிரதர்'. அதற்கும் மூலம், எல்லோரையும் கண்காணிக்கும் அண்ணனாக ஜார்ஜ் ஆர்வெல் 1949 நாவலில் படைத்த ஆள். மதுக்கடையில் 'ஒரு பிக்' என்று கேட்பவர் இல்லை. நண்பனை 'நீ லார்ஜுடா' என்று பாராட்டுபவரும் இல்லை. இலக்கணம் படிக்காத வாடிக்கையாளர் கூட மூன்றையும் அதனதன் இடத்தில்தான் வைக்கிறார். சொல் தனியாக வரவில்லை, தன் கூட்டாளியோடு சேர்ந்தே காதில் விழுந்தது. அதனால் பிசகவில்லை.

பள்ளியில் நடப்பது இதற்குத் தலைகீழ். ஆங்கிலத் தேர்வில் 'ஒத்த சொல்லைத் தேர்ந்தெடு' என்ற கேள்வி ஆண்டுதோறும் வருகிறது. பிள்ளைகள் நான்கு விடைகளில் ஒன்றை வட்டமிடுகிறார்கள், மதிப்பெண் வாங்குகிறார்கள். இரண்டு சொல்லும் ஒன்று என்ற நம்பிக்கையோடு வெளியே வந்து 'லார்ஜ் மிஸ்டேக்' என்று எழுதுகிறார்கள். தமிழில் எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு 1992இல் வந்த க்ரியா அகராதி, பொருள் மட்டும் போதாது, வாக்கியமும் வேண்டும் என்று காட்டிவிட்டது. ஆங்கில ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: அந்த ஒரு மதிப்பெண் கேள்வியை நடத்தி முடித்ததும், இரண்டு சொற்களையும் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எந்தப் பெயர்ச்சொல் சேரும், எது சேராது என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது.